ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை

வெள்ளரிக்காய் எனக்குப் பிடிக்காது, தம்பி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தண்ணீரைப் பச்சைத் தோலுக்குள் ஊற்றி அடைத்து வைத்த மாதிரி ஒரு காய். அதைக் கடித்துவிட்டு ஆகா ஓகோ என்பவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கும்.

கொடி வேறு விஷயம். வெள்ளரிக் கொடியோடுதான் என் காலம் போயிருக்கிறது. நீங்களோ அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறீர்கள். கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. "எந்தக் கிருமி, மேடம்?" என்றீர்கள். கிருமி என்பது பிள்ளைகளைக் கை கழுவ வைக்க அம்மாக்கள் சொல்கிற வார்த்தை. பரவாயில்லை, உங்களை அனுப்பிய அதிகாரிக்கும் தெரிந்திருக்காது. மெதுவாகவே சொல்கிறேன். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொள்வோம். பக்கத்து அறையில் என் தங்கை படுத்திருக்கிறாள்.

எங்கள் அப்பா ஊருக்கு வெளியே பசுமைக்குடில்கள் வைத்திருந்தார். இரும்புக் குழாய் வளைத்து, மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, உள்ளே கம்பி கட்டி வருடம் முழுக்க வெள்ளரி. நாங்கள் இரண்டு பெண்கள். நான் பெரியவள். சின்னவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவோம், இன்று வரைக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் குடிலுக்குத்தான் போவேன். பாப்பா வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். நான் செடிகளின் நோயைப் படித்தேன், பெரிய படிப்பு வரைக்கும் படித்தேன். அப்பா எனக்குத்தான் குடில்களைக் கொடுப்பார் என்று நான் நினைத்ததில் தவறில்லை.

அப்போதுதான் ஒருவர் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தார். மோட்டார் சரியாகிவிட்டது, அவர் போகவில்லை. பாப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆனார்.

அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்பார்கள். காரணம் ஒன்றுதான், சிரிப்பார். காலையில் சிரிப்பார், மதியம் சிரிப்பார், காற்றில் கூரை பிய்த்துக்கொண்டு போனாலும் நின்று பார்த்துச் சிரிப்பார். ஒரு ஆள் எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தால் உலகம் அவனைத் தங்கமானவன் என்று சொல்லிவிடுகிறது. எனக்கு அது மூளைக்கு வேலையில்லாத குறை என்றே பட்டது. மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கிற தாளை அவர் ஒரு நாளும் படித்ததில்லை. மருந்துக் கடைக்காரர் எந்தப் புட்டியைக் கையில் கொடுக்கிறாரோ அதுதான் அவருக்கு வைத்தியம். ஒருமுறை களைக்கொல்லித் தொட்டியைக் கழுவாமல் அதிலேயே உரம் கரைத்து ஊற்றிவிட்டு, "செடிக்கு என்ன கோபமோ" என்றார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா கண்ணை மூடுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "பெரியவ படிச்சவ. நிழல்ல உக்காந்து கௌரவமா வேலை பாக்கட்டும். குடிலை மாப்பிள்ளை பாத்துக்கட்டும். ஏதாவது சந்தேகம்னா அக்காவக் கேட்டுக்கங்க."

கேட்டுக்கங்க என்றுதான் சொன்னார். அதைத்தான் மாப்பிள்ளை செய்யவே இல்லை. வருடக்கணக்காக அந்த ஆள் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. "வாங்க அக்கா, சாப்பிட்டீங்களா" என்பார். அதைக் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

நான் இதற்காக மனதில் வஞ்சம் வைத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வஞ்சம் வைக்க எதிரே கொஞ்சமாவது உயரமான ஆள் வேண்டும்.

இனி நிலையத்துக்கு வருவோம். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மாடியில் வைரஸ் பிரிவு, கீழே பூஞ்சைப் பிரிவு. நடுவில் ஒரு படிக்கட்டு. அதில் தேநீர்க் கோப்பைகள் ஏறி இறங்கும், வேறொன்றும் ஏறி இறங்கியதில்லை. மாடியில் இருப்பவர்களுக்கு உலகத்தில் பூஞ்சையே கிடையாது. கீழே இருப்பவர்களுக்கு வைரஸ் என்பது மாடிக்காரர்கள் சம்பளம் வாங்கக் கட்டிய கதை. ஆனால் செடி இருக்கிறதே, அதற்கு மாடியும் தெரியாது, கீழும் தெரியாது. அதன் உடம்பில் இரண்டும் ஒன்றாகத்தான் குடியிருக்கும்.

இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். தேமல் என்று ஒரு நோய். வைரஸால் வருவது. இலையில் வெளிர்பச்சை திட்டுத்திட்டாக விழும். அதில் சாதுவான ரகமும் உண்டு. பார்த்தால் சத்துக் குறைவு போலத்தான் தெரியும், செடி சாகாது. அடுத்தது சாம்பல் நோய். அது பூஞ்சை, இலை மேல் மாவு தூவிய மாதிரி வெள்ளையாகப் படரும், கண்ணில்லாதவனுக்கும் தெரியும். மூன்றாவது வேரழுகல். அதுவும் பூஞ்சை, பாசனத் தண்ணீரிலும் மண்ணிலும் எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். திடமான வேரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் சொன்னது இதுதான். தேமல் ஏறிய கொடியில் சாம்பல் நோய் சரியாகப் பிடிக்காது. ஏற்கெனவே ஒருவன் குடியேறிய வீட்டில் இன்னொருவனுக்கு அடுப்பு வைக்க இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவன் இலை சுத்தமாக இருக்கிறது, செடி ஆரோக்கியம் என்று நினைத்துக்கொள்வான். ஆனால் அதே கொடியின் வேர் உள்ளுக்குள் தளர்ந்து, தன் சர்க்கரையை மண்ணில் கசியவிடத் தொடங்கும். வேரழுகல் அந்த வாசனைக்காகவே காத்திருக்கும். வெயில் ஏறும் நாளில் கொடி மொத்தமாகச் சாயும். வைரஸ் மட்டும் இருந்தால் சாயாது. பூஞ்சை மட்டும் இருந்தாலும் சாயாது.

எங்கள் நிலையத் தலைவரிடம் இதைச் சொல்லி, வயலில் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு இடம் கேட்டேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்: "ஒரு செடிக்கு ஒரு நோய் போதாதாம்மா? ரெண்டையும் எதுக்குக் கட்டி வைக்கிறீங்க, ஜாதகம் பாத்தாச்சா?" மாடியும் கீழும் சேர்ந்து சிரித்தன. அவை சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

எனக்கு ஒரு வயல் வேண்டியிருந்தது. எங்கள் அப்பா கட்டிய குடில் இருந்தது. அதை ஒரு மோட்டார் மெக்கானிக் வீணாக்கிக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாப்பாவைப் பார்க்கப் போவது வழக்கம். அந்தப் பருவத்துக் கொடிகள் அப்போதுதான் கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தன. வைரஸுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. பூச்சி கொண்டுபோகும், இல்லையென்றால் கை கொண்டுபோகும். நிலையத்துத் தேமல் இலையின் சாற்றை விரலில் பூசிக்கொண்டு என் கை கொண்டுபோனது. பெரிய குடிலில் மெதுவாக நடந்தேன். ஒவ்வொரு இளங்கொடியின் இலையையும் விரலால் தடவிக்கொடுத்துக்கொண்டே போனேன். ஒரு வரிசையைத் தொட்டேன், அடுத்ததைக் கைகட்டி நின்று பார்த்துவிட்டு விட்டேன், அதற்கடுத்ததைத் தொட்டேன். தொடாத வரிசை இல்லாமல் தொட்ட வரிசைக்கு என்ன அர்த்தம்? எதோடு ஒப்பிடுவது? இதுகூடத் தெரியாமல் ஆராய்ச்சி என்று செய்கிறவர்களை நான் மதிப்பதில்லை.

பாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பாருங்களேன், அக்கா எப்படித் தடவுறான்னு. செடின்னா அவளுக்கு உசுரு" என்றாள்.

"நமக்கு ஒரு புள்ள பொறந்திருந்தாக்கூட அக்கா இப்படிக் கொஞ்சியிருக்க மாட்டாங்க" என்றார் மாப்பிள்ளை, சிரித்துக்கொண்டே. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் சொன்னது கிண்டலா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

சாம்பல் நோய் வருகிற பருவம் வந்தது. வந்தவுடனே நான் எதிர்பார்த்தபடியே ஆனது. நான் தொடாத வரிசைகளில் மாவு கொட்டினாற்போல வெள்ளை. தொட்டவற்றில் இலை பளிச்சென்று இருந்தது, அங்கங்கே லேசான வெளிர்த் திட்டு மட்டும். குடிலின் வாசலில் நின்று பார்த்தால் யாரோ கோடு போட்டு வண்ணம் அடித்த மாதிரி, ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை பச்சை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்தால்கூட ஏன் என்று கேட்டிருக்கும்.

மாப்பிள்ளை கேட்கவில்லை. தலையைச் சொறிந்துவிட்டு, "மருந்து அடிக்கறப்ப இந்த வரிசையெல்லாம் விட்டுட்டேன் போலிருக்கு" என்றார். அதாவது ஒன்று விட்டு ஒன்று, குடில் முழுக்க, நூல் பிடித்த மாதிரி மறந்துவிட்டாராம். பிறகு அக்கம்பக்கத்துக் குடில்காரர்களைக் கூட்டிவந்து சுத்தமான இலையைத் தூக்கிக் காட்டினார். மருந்துக் கடைக்காரரும் வந்து, பச்சை வரிசைக்கும் வெள்ளை வரிசைக்கும் நடுவில் அவரை நிறுத்திப் புகைப்படம் எடுத்து, "மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்" என்று எழுதிக் கடையில் பெரிதாக மாட்டினார். அந்தப் படத்திலும் சிரிப்புதான்.

அன்று அவர் என் பக்கம் திரும்பி, "இது என்ன அக்கா, இப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வேரைக் காப்பாற்ற அப்போதும் நேரம் இருந்தது. நான் அங்கேயே நின்றிருந்தேன், கைக்கெட்டுகிற தூரத்தில். அவர் எனக்கு ஒரு வெள்ளரிக்காயைப் பறித்துத் துடைத்துக் கொடுத்தார்.

வெயில் ஏறியது. ஒரு நாள் உச்சி வேளையில் பாப்பாவின் போனிலிருந்து அவர் பேசினார். "அக்கா, கொடியெல்லாம் தலையப் போட்டுடுச்சு. தண்ணி விட்டும் எந்திரிக்கல. மருந்துக் கடைக்காரர் வந்து பாத்துட்டாரு." கேட்பதற்காக அல்ல, தகவல் சொல்வதற்காகக் கூப்பிட்டிருந்தார்.

போனேன். நான் தொட்ட வரிசைகள் மொத்தமும் நனைந்த துணி போலக் கம்பியில் தொங்கின. தொடாதவை, வெள்ளை பூத்து அசிங்கமாக, ஆனால் நிமிர்ந்து நின்றன. ஒரு கொடியைப் பிடுங்கினேன். வேர் பழுப்பாகி, இழுத்தால் காலுறை கழன்று வருவதுபோலத் தோல் தனியாகக் கழன்று வந்தது. மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாடியும் கீழும் சேர்ந்து சிரித்த சிரிப்புக்கு அந்த வேர் பதில் சொன்னது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பாப்பா அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மனிதன் செடி ஏன் செத்தது என்று பார்க்காமல் அழுதுகொண்டிருப்பதும், அதற்காக அவனைக் கொஞ்ச ஒருத்தி இருப்பதும் எனக்கு விளங்கவே விளங்காத விஷயங்கள்.

வேரைக் கொண்டுபோய்த் தலைவர் மேசையில் வைத்தேன். "உங்க மாப்பிள்ளை தண்ணிய அதிகமா விட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார், நாற்றமாக இருக்கிறதாம்.

அதோடு நின்றிருக்கும். மாப்பிள்ளைதான் நிற்க விடவில்லை. மருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, மண்ணைச் சுத்தம் செய்கிற புகைமருந்தை வாங்கிவந்து பெரிய குடிலில் விட்டார். அது மண்ணிலிருக்கிற உயிரையெல்லாம் கொல்வது. பூஞ்சை, புழு, களை விதை, எது இருந்தாலும். விட்ட பிறகு குடிலை மூடி வைக்க வேண்டும். அப்புறம் பக்கத்துத் திரைகளைத் தூக்கிவிட்டு நன்றாகக் காற்றோட விட வேண்டும். மருந்தின் நெடி முழுக்கப் போன பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். டப்பாவில் ஒட்டிய தாளில் இது தெளிவாக இருந்தது. நான் படித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது புது நாற்றுகள் தட்டுத் தட்டாக வெளியே காத்திருந்தன. மாப்பிள்ளைக்குக் கடுமையான சளி. மூக்கு அடைத்து, குரல் மாறி, ஒரு வாசனையும் தெரியவில்லை என்று தேநீரை வெறுமனே விழுங்கிக்கொண்டிருந்தார். சளியும் வைரஸ்தான், தம்பி. அதை நான் கொடுக்கவில்லை. அது தானாக வந்தது. நான் கவனித்தேன், அவ்வளவுதான். கவனிப்பதுதான் என் வேலை.

"நாத்தெல்லாம் முத்திக்கிட்டே போகுது" என்றார். குடிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கொடி செத்ததிலிருந்து அது கொஞ்சம் குறைந்திருந்தது.

"அக்கா, கடைக்காரர் போன எடுக்கல. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். இப்ப உள்ள போலாமா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அதுவும் கடைக்காரர் போனை எடுக்காததால் கேட்டது.

"போகலாம்" என்றேன்.

பக்கத்துத் திரைகள் இறக்கியபடியே இருந்தன. அது எனக்குத் தெரிந்தது. "அக்கா சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தட்டு விழுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இருமல். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

பாப்பா இன்னொரு தட்டோடு வந்தாள். "என்னக்கா சத்தம்?" என்றாள். "தெரியல" என்றேன். அவள் பிளாஸ்டிக் சுவர் வழியாக உற்றுப் பார்த்துவிட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். நான், "பாப்பா, போகாதே" என்று சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோமே, இந்த அளவுக்கு.

பிறகு செய்ய வேண்டியதை முறையாகச் செய்தேன். வெளியே இருந்தபடியே காற்று வருகிற பக்கத்துத் திரையை முதலில் தூக்கினேன், அப்புறம் எதிர்ப்பக்கம். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு போய்ப் பாப்பாவை இழுத்து வந்தேன். அவள் அவர் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவரை இழுக்க எனக்குப் பலம் போதாது. கனமான ஆள்.

விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டப்பாவில் ஒட்டியிருந்ததை அவர் படிக்கவில்லை என்றார்கள். அவர் எதையும் படிக்காதவர் என்று ஊருக்கே தெரியும், அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. நானும் அப்படியே சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

உங்கள் போலீஸ் அதிகாரியிடம் போய்ச் சொன்னது எங்கள் தலைவர் என்று தெரியும். வீட்டு ரோஜாவுக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போனவர் அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறார். பச்சை, வெள்ளை, பச்சை, வெள்ளை. பூச்சி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகப் பறக்காது என்பது அவருக்குக்கூடத் தோன்றியிருக்கிறது. அப்புறம்தான் நான் கொண்டுவைத்த வேரும், நான் கேட்ட இடமும் நினைவுக்கு வந்திருக்கின்றன. இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது பாருங்கள். நான் கெடுக்க நினைத்தவளாக இருந்தால் எல்லா வரிசையையும் தொட்டிருப்பேன், யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒழுங்காகச் செய்ததால் மாட்டிக்கொண்டேன். அவர் இப்போதாவது ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு அதில் ஆர்வம் உண்டு.

"கடைசியில் அவரைக் கொன்றது எது, மேடம், மருந்தா நீங்களா?" என்று கேட்டீர்கள். கொடி சாய்ந்ததும் நிலையத்தில் என்னிடம் இதே மாதிரிதான் கேட்டார்கள், வைரஸா பூஞ்சையா என்று. இவ்வளவு நேரம் சொன்னதில் உங்களுக்கு ஒன்றுமே ஏறவில்லை. சரி, உங்கள் தாளில் ஒரு வரிதான் கொள்ளும் என்றால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: கொடிகளுக்கு நோயை நான் கொண்டுபோனேன். உள்ளே போனால் சாவார் என்று தெரிந்துதான் அவரைப் போகச் சொன்னேன். பாப்பா ஓடியபோது கையை நீட்டினால் பிடித்திருக்கலாம், நீட்டவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

போகலாம், ஆனால் ஒன்று. பாப்பாவை ஆஸ்பத்திரிக்கு மாற்றப்போவதாகச் சொன்னீர்கள், அது வேண்டாம். அவளுக்கு மூச்சு பாதிதான் வருகிறது, பேச்சு அதுவும் இல்லை. சாப்பாடு ஊட்டுவது, தலை வாருவது, மாத்திரை, எல்லாம் நான்தான். மற்றவர்கள் அவளை எங்கே இப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? அவளுக்கும் என்னை விட்டால் முடியாது. சாயங்காலம் வேலைக்காரம்மா வந்து உட்கார்ந்தால் உடனே தூங்கிவிடுகிறாள். நான் அறையில் இருக்கும்வரை மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கண்ணை மூடுவதே இல்லை. அவ்வளவு பாசம்.